பதினேழாவது விதிக்கு ஒரு பம்ப்

சிங்கப்பூர் விமான நிலையத்தில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. இதில் எனக்கு இன்றுவரை வருத்தம்தான். எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று ஓர் அதிகாரி கேட்பார், மிடுக்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று விமானத்தில் நான்கு மணி நேரம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரு கண்ணாடிக் கதவு என் முகத்தைப் பார்த்தது, கட்டைவிரலைக் கேட்டது, திறந்துகொண்டது. அவ்வளவுதான். என் ஆங்கிலம் வாய்க்குள்ளேயே இருந்துவிட்டது.

என் வேலையைப் பற்றி யாரிடமாவது விளக்குவதில் எனக்கு அலாதிப் பிரியம். கதவிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். ஒரகடம் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் நான் வரிசை போடுகிறவன். ஒரே பெல்ட்டில் ஏழு வகைக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கூரையில் கண்ணாடி வைத்த பணக்கார வண்டியும் வரும், ஜன்னலைக் கையால் சுற்றி இறக்குகிற வெள்ளை டாக்சி வண்டியும் வரும். பெல்ட் யாருக்காகவும் நிற்காது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வண்டிக்கு ஒன்றரை நிமிடம். பணக்கார வண்டிகள் நாலைந்து சேர்ந்தாற்போல் வந்தால், கதவுக்கு வயர் மாட்டுகிறவர்கள் வண்டியைத் துரத்திக்கொண்டே அடுத்த குழுவின் இடத்துக்குள் போய் நிற்பார்கள். டாக்சி வண்டிகள் மட்டும் வந்தால் மாட்ட வயரே இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பெயின்ட் அடிக்கிறவர்களுக்கோ ஒரே நிறம் சேர்ந்து வர வேண்டும். நிறம் மாறும்போதெல்லாம் பெயின்ட் பீய்ச்சும் துப்பாக்கியைக் கழுவ வேண்டுமே. இவர்களில் ஒருவரும் திட்டாத வரிசையைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பதினோரு வருடமாகத் தேடுகிறேன். அப்படி ஒன்று இல்லை.

எங்கள் நிறுவனத்துக்கு சிங்கப்பூரில், பூன் லே தாண்டி, ஒரு சின்ன ஆலை இருக்கிறது. அங்கே புதிதாக ஒரு மென்பொருள் செய்திருந்தார்கள். நம் விதிகளைக் கொடுத்தால் அதுவே வரிசை போட்டுவிடுமாம். என் நாற்பத்தொரு விதிகளை எடுத்துக்கொண்டு போய், ஐந்து நாள் உட்கார்ந்து, அதற்குப் பாடம் சொல்லிவிட்டு வர வேண்டும். அடுத்த திங்கட்கிழமை முதல் ஒரகடத்தில் அது போடும் வரிசைதான் ஓடும்.

நாற்பத்தொன்றில் நாற்பது விதிகள் உண்மையானவை. பதினேழாவது விதி மட்டும் சுத்தப் பொய்.

மூன்று வருடத்துக்கு முன்பு, நல்ல மே மாதத்தில், கதவுக் குழுவின் தலைவி ஜெயந்தி என் மேசை முன்னால் வந்து நின்றார். ஆறு பெண்கள் கொண்ட குழு அது. "சார், தண்ணி குடிக்கக்கூட நேரமில்ல. நடுவுல மூச்சு விடுற மாதிரி ஒரு லேசான வண்டி விடுங்களேன்" என்றார். மேலே கேட்டால் டீ இடைவேளை இருக்கிறதே என்பார்கள். எனவே நானே ஒரு விதி எழுதினேன். ஐந்து வண்டிக்கு ஒன்று வெள்ளை டாக்சி வண்டியாக இருக்க வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் "பம்ப் ஆறுவதற்கு" என்று போட்டேன். கதவுக் குழுவில் பம்பே கிடையாது. மூன்று வருடத்தில் அலுவலகத்திலிருந்து ஒருவரும் இறங்கி வந்து பார்க்கவில்லை.

பெண்கள் அதற்கு மோர் வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மோர் வண்டி வரும்போதெல்லாம் ஆறு பேரில் ஒருத்தி ஓடுவாள், மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வருவாள். தண்ணீர் டிரம் தள்ளி இருக்கும் போல என்று நினைத்துக்கொள்வேன். என்ன சுறுசுறுப்பு தெரியுமா என்று எங்கள் மேலாளர் கோபாலனிடம் ஒருமுறை பெருமையடித்தும் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் விடுதி. பெட்டியைத் திறந்தால் கதவைத் திறக்க முடியாது, கதவைத் திறந்தால் நான் நிற்க முடியாது. குளியலறையில் சரியாக என் நெற்றி உயரத்தில் சுடுநீர்ப் பெட்டி ஒன்றை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் இடித்துக்கொண்டதில், அதன்மேல் பொறித்திருந்த நீளமான எண் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இது பின்னால் உதவியது.

வெளியே வந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வாரம் முழுவதும் கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் லிட்டில் இந்தியாவில் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் நான்கு பேர் என்னிடம் "அண்ணே எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டார்கள். விமான நிலையத்தில் பட்ட வருத்தம் கொஞ்சம் குறைந்தது. வாழையிலையில் சாப்பிட்டேன். மீன் தலையைத் தனியாகச் சட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். அது என்னைப் பார்த்தது, நானும் பார்த்தேன். பத்து நிமிடத்தில் எங்களுக்குள் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது.

சாலையைக் கடக்கத்தான் சிரமப்பட்டேன். ஒரு வண்டிகூட இல்லை, ஆனால் இருபது பேர் விளக்கில் பச்சை மனிதன் எரிவதற்காகக் காத்து நிற்கிறார்கள். எங்கள் ஊரில் விளக்கு தன் கருத்தைச் சொல்லும், முடிவு எடுப்பது நாம்தான்.

திங்கட்கிழமை காலை தேநீர்க் கடையில் "டீ" என்றேன். கெட்டிப் பாலும் சர்க்கரையும் போட்டு, பாயசத்துக்குத் தங்கை மாதிரி ஒன்று வந்தது. பக்கத்தில் நின்றவர் "தே ஓ கோசோங்" என்றார், அவருக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் தேநீர் வந்தது. எங்கள் கார் மாடல்களுக்கும் இப்படித்தான் குறியீடு இருக்கிறது. என்ன, எங்கள் குறியீட்டில் யாருக்கும் தேநீர் கிடைக்காது.

ஆலையில் எனக்காகக் காத்திருந்தவர் தர்ஷினி. இருபத்தாறு வயது இருக்கும், மென்பொருளை எழுதிய குழுவில் ஒருவர். எல்லோரையும், இயக்குநர் லிம்மைக்கூட, பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். என்னை மட்டும் "முரளி சார்" என்றார்.

"இந்தியாவுல இருந்து வர்றவங்களைச் சார்னு கூப்பிடலன்னா ஃபீல் பண்ணுவாங்கன்னு அம்மா சொன்னாங்க லா" என்று, பேச்சின் முடிவில் இந்த ஊர் 'லா' ஒன்றைச் சேர்த்து, விளக்கமும் கொடுத்தார். அம்மா சொன்னது சரிதான்.

ஆலை எங்கள் ஆலை மாதிரி இல்லை. சத்தம் இல்லை, ஓட்டம் இல்லை, இயந்திரக் கைகள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு வேலை பார்க்கின்றன. மென்பொருள் செய்தது என்னவென்றால், என் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அது இல்லாவிட்டால் என்ன லாபம் என்று கணக்கிட்டது. பிற்பகல் மூன்று மணிக்குப் பதினேழுக்கு வந்தது. திரை முழுக்கச் சிவப்பு.

"சார், இந்த செவன்டீன்தான் ரொம்ப டிஸ்டர்ப் பண்ணுது. இதை எடுத்துட்டா ஒயிட் கார் எல்லாம் ஷிஃப்ட் கடைசியில ஒண்ணா போயிடும். பெயின்ட் ஷாப் ஹேப்பி. இது எதுக்கு?"

"பம்ப்" என்றேன்.

"என்ன பம்ப்?"

"பசை பம்ப். விடாம ஓடினா சூடாயிடும். அஞ்சு வண்டிக்கு ஒருதடவை, பசை வேண்டாத டாக்சி வண்டி வர்றப்ப ஆறணும்."

"எவ்ளோ சூடாகும்?"

"கை வைக்க முடியாது" என்றேன். தர்ஷினி அதை அப்படியே தட்டச்சு செய்துகொண்டதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை தொலைந்துபோனேன். காரணம் என் தொழில் வியாதி. ஜூரோங் ஈஸ்ட் நிலையத்தில் ரயில் நின்றதும் பாதிக் கூட்டம் இறங்கியது. எதிர்ப்புறம் ஒரு வரிசை நின்றது பாருங்கள், அப்படி ஒரு வரிசை! தரையில் வரைந்த அம்புக்குறிகளின் இரு பக்கமும் பிரிந்து, இறங்குகிறவர்களுக்கு நடுவில் வழி விட்டு, ஒருவரையொருவர் இடிக்காமல். ரசித்துக்கொண்டே இறங்கிப் போய் அதில் சேர்ந்துகொண்டேன். பூன் லே வருவதற்குப் பதிலாக சுவா சூ காங் வந்தது.

அங்கே அரைக்கால் சட்டை போட்ட பெரியவர் ஒருவரிடம் வழி கேட்டேன். அவர் அன்பாகக் கையைக் காட்டிய திசையில் ஒரு குட்டி ரயில் நின்றது. ஓட்டுநரே இல்லாத ரயில். ஏறினேன். அது அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனது. ஒரு வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று பார்க்கலாம் என எட்டிய நேரத்தில், ஜன்னல் கண்ணாடி தானாகவே பால் நிறமாகிவிட்டது. வீடுகள் தாண்டியதும் மறுபடி தெளிந்தது. குடியிருப்பவர்களை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடாம். என் பதினேழாவது விதிக்கும் இப்படி ஒரு கண்ணாடி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினேன். ரயில் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி சுவா சூ காங்கிலேயே கொண்டுவந்து விட்டது.

ஒரு வழியாகப் பூன் லே வந்து பேருந்து ஏறினால், பக்கத்து இருக்கையில் அறந்தாங்கிக்காரர் சேகர். கப்பல் பட்டறையில் வெல்டர், மருத்துவப் பரிசோதனைக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். இறங்கும்போதும் பயண அட்டையைத் தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வெயிலில் வெல்டிங் எப்படி என்று கேட்டேன்.

"வெயில் மீட்டர்னு ஒண்ணு இருக்கு அண்ணே. அது அளவு தாண்டிச்சுன்னா மணிக்கொருக்கா நெழல்ல உக்காரணும், தண்ணி குடிக்கணும். யாரும் ஏன்னு கேக்க முடியாது. மீட்டர் சொல்லுதுல்ல!"

ஒரு நேர்மையான மனிதன் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டிருப்பான்? தொழிலாளிக்கு ஓய்வு வேண்டும் என்பதை வெளிப்படையாகவே விதியாக எழுதலாம் என்று. நான் கற்றுக்கொண்டது, பொய்க்கு ஒரு மீட்டர் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது. ஆலைக்குப் போனதும் தர்ஷினியிடம் பம்பின் வெப்பநிலை ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை டிகிரி ஏறும் என்று வரைபடமே போட்டுக் கொடுத்துவிட்டேன். வரைபடம் அழகாக வந்தது.

அதுதான் வினையானது. புதன்கிழமை காலை, "சார், கிராஃப் சூப்பர். பம்ப் மாடல் நம்பர் குடுங்க, லிம் கேக்குறார்" என்றார். யோசிக்க நேரமில்லை. அன்று காலையிலும் நெற்றியில் இடித்துக்கொண்டிருந்தேன். வாயில் தானாக வந்தது, விடுதிச் சுடுநீர்ப் பெட்டியின் எண்.

அன்று மாலை கொஞ்சம் கர்வத்தோடுதான் இருந்தேன். முர்த்தபாக் என்று ஆட்டுக்கறி திணித்த சதுர ரொட்டி ஒன்று சாப்பிட்டேன். கூடவே வெள்ளரிக்காயில் தக்காளிச் சாஸ் ஊற்றிக் கொடுத்தார்கள். அதை ஏன் செய்கிறார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அப்படித்தான் லா" என்றார். விதி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு லிம் வந்தார். ஒல்லியான, சிரிப்பைச் செலவழிக்காத மனிதர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "உங்கள் பம்ப் மிகப் பழையது என்று வரைபடத்திலிருந்து தெரிகிறது. சூடாகாத புதிய பம்ப் ஒன்றை எங்கள் செலவில் ஒரகடத்துக்கு அனுப்புகிறோம். உங்கள் மேலாளரிடமும் பேசிவிட்டேன். எனவே திங்கட்கிழமை முதல் பதினேழாவது விதி தேவையில்லை."

கை கொடுத்தார். பத்து நிமிடத்தில் கோபாலன் அழைத்தார். "முரளி, கலக்கிட்டீங்க! போன எடத்துல பம்ப் வாங்கிட்டீங்களே!" என்றார். அந்த மனிதர் மூன்று வருடமாக அந்தப் பம்பை நம்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மதியம் மறுபடி திரை முன்னால் போய் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை வரிசை திரையில் தயாராக இருந்தது. வெள்ளை வண்டிகள் எல்லாம் கடைசியில் குவிந்திருந்தன. காலையிலிருந்து மணிக்கணக்காகப் பணக்கார வண்டிகளும் நடுத்தர வண்டிகளும் மட்டும். அந்த ஆறு பெண்களும் என்னை நம்பிக் கேட்ட ஒரே ஒரு விஷயத்தை, என் கெட்டிக்காரத்தனமே பிடுங்கிக் கொடுத்துவிட்டது.

மாலை ஆறு மணிக்கு தர்ஷினி, என் விடுதிக்குப் பக்கத்துத் தேக்கா சந்தைக்கு வருவதாகச் சொன்னார். அம்மாவுக்குப் பூ வாங்க வேண்டுமாம். அப்படியே சாப்பிடலாம் என்று தேக்கா உணவங்காடிக்குள் போனோம். அவர் உணவு வாங்கப் போக, நான் காலியாக இருந்த மேசை ஒன்றைப் பிடித்து உட்கார்ந்தேன். மேசைமேல் யாரோ ஒரு டிஷ்யூ பொட்டலத்தை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல புழுக்கம். பிரித்து ஒன்றை எடுத்து முகம் துடைத்தேன்.

தர்ஷினி தட்டோடு வந்தவர் பதறிப்போனார். "ஐயோ சார், அது சோப் பண்ணி வெச்சிருக்காங்க! இங்க சோப்னா இடம் புடிக்கிறது, டிஷ்யூ வெச்சா இடம் புடிச்சாச்சுன்னு அர்த்தம். எந்திரிங்க, எந்திரிங்க!"

பின்னாலேயே நூடுல்ஸ் கிண்ணத்தோடு ஒரு சீன அம்மா நின்றிருந்தார். பிரித்த பொட்டலத்தை அவரிடமே மரியாதையாகக் கொடுத்தேன். அவர் எத்தனை குறைகிறது என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

வேறு மேசை கிடைத்ததும் தர்ஷினி தன் பையிலிருந்து ஒரு டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து நடுவில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார், நீங்க குடுத்த நம்பரைத் தேடினேன். வாட்டர் ஹீட்டர் வருது. நான் இன்னும் யாருக்கும் சொல்லல."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜெயந்தி, தண்ணீர், மோர் வண்டி, இல்லாத பம்ப். தர்ஷினி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பொட்டலத்தை விரலால் தட்டினார்.

"ஓ. நீங்க சோப் பண்ணி வெச்சிருக்கீங்க."

"ஆமா, அப்படித்தான்."

"பட், உக்கார வேண்டிய ஆள் வரவே இல்லன்னா, கிளீனர் வந்து எடுத்துக் குப்பையில போட்டுடுவாங்க சார். ஆள் யாருன்னு நீங்க காட்டணும்."

ஜெயந்திக்குப் போன் போட்டேன். ஊரில் மணி நாலரை, கம்பெனிப் பேருந்தில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பம்ப் கதையைச் சொன்னதும் வெடித்துச் சிரித்தார். "எங்க லைன்லயா? பம்ப்பா?" பேருந்துக்குள் அவர் மற்றவர்களுக்குச் சொல்ல, ஆறு பேரின் சிரிப்பும் தேக்காவுக்குக் கேட்டது. "இப்ப உண்மையச் சொல்லணும்மா. உங்களுக்குத் தண்ணி குடிக்க நேரம் வேணும்னு சொல்லப் போறேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. ஜெயந்தி குரலைத் தாழ்த்தினார்.

"சார், தண்ணின்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஆளுக்கொரு பாட்டில் குடுத்து, போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. தண்ணி குடிக்கிறதுக்கு எதுக்கு சார் வண்டி? பாட்டில் பக்கத்துலயேதான் இருக்கு. குடிச்சா அப்புறம் பாத்ரூம் போகணும்ல? அதுக்குத்தான் அப்ப நேரமில்ல. அதனாலயே குடிக்காம இருந்தோம். ரெண்டு பேருக்கு இன்ஃபெக்‌ஷனே வந்துடுச்சு. அன்னிக்கு உங்ககிட்ட அதைப் போயி எப்படி சார் சொல்றது? அதான் தண்ணின்னேன்."

"அப்ப மோர் வண்டி வரும்போது ஓடுறது..."

"பாத்ரூம் அந்தக் கடைசி ஷெட்ல இருக்கு சார். ஒன்றரை நிமிஷத்துல போயிட்டு வரணும்னா ஓடாம என்ன பண்றது?"

மூன்று வருடமாக நான் உலகத்தை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். என்னிடமும் ஒரு பம்பைத்தான் கொடுத்திருந்தார்கள். அந்த ஓட்டத்தைச் சுறுசுறுப்பு என்று நான் புகழ்ந்தது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட வேறு சொல் இல்லை.

தர்ஷினி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். "அக்கா, நான் சிங்கப்பூர்ல இருந்து தர்ஷினி. எவ்ளோ தூரம்? நடந்தா எத்தனை நிமிஷம்? ஒருத்தர் ஷிஃப்டுக்கு எத்தனை தடவை போவீங்க?" என்று கேட்டுக் கேட்டு, ஒரு டிஷ்யூவில் எழுதிக்கொண்டார். பதினோரு வருட அனுபவமுள்ள எனக்கு, மூன்று வருடத்தில் இந்த மூன்று கேள்விகள் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டம். லிம் எதிரில், கோபாலன் திரையில். எழுந்து நின்றேன். விமான நிலையத்தில் யாரும் கேட்காத ஆங்கிலம் இப்போது தேவைப்பட்டது, ஆனால் வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் பெண்கள் கழிவறைக்குப் போவார்கள் என்று எந்த ஆண் அதிகாரியும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. காது சிவக்க, வந்த அரைகுறை ஆங்கிலத்தில், "பம்ப் இல்லை. ஆறு பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கழிவறைக்குப் போக வேண்டும். பதினேழாவது விதி அதற்குத்தான். பம்ப் என்று எழுதியது நான்தான்" என்று சொல்லி முடித்தேன்.

முதலில் பேசியவர் கோபாலன். "அப்போ பம்ப் வராதா?" என்றார்.

லிம் அவரைக் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்து, "எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். கோபமா இல்லையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் தர்ஷினியைப் பார்த்தேன். அவர் பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து விரித்தார்.

"நடந்தால் எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம், போய்வர. ஒருவருக்கு ஷிஃப்டுக்கு மூன்று முறை போதுமாம்."

"அதைக் கொடுத்து ஓட்டுங்கள்" என்றார் லிம்.

தர்ஷினி பதினேழாவது விதியில் என் பம்பை அழித்துவிட்டு, டிஷ்யூவில் இருந்ததை ஏற்றினார். மற்ற விதிகளைத் தொடவில்லை. திரையில் வண்டிகள் இடம் மாறி மாறி நின்றன. நின்ற பிறகு நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். ஐந்துக்கு ஒன்று என்று தனித்தனியாக நின்ற வெள்ளை வண்டிகள் இப்போது பத்துக்கு இரண்டாக, ஜோடி ஜோடியாக நின்றன.

எவ்வளவு எளிது! ஒரு மோர் வண்டி என்றால் ஒன்றரை நிமிடம், ஓட வேண்டும். சேர்ந்தாற்போல் இரண்டு என்றால் மூன்று நிமிடம், ஒருத்தி நடந்தே போய் வரலாம், அந்த இரண்டையும் மற்ற ஐந்து பேர் பார்த்துக்கொள்வார்கள். ஆறு பேரும் முறை வைத்துப் போனாலும் ஒவ்வொருவருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறது. வெள்ளை இரண்டிரண்டாக வருவதால் பெயின்ட்காரர்கள் வெள்ளைக்காகத் துப்பாக்கி கழுவுவதும் பாதியாகிவிட்டது. பம்ப் என்று நான் சொன்னதால் ஐந்துக்கு ஒன்று ஆற வேண்டியிருந்தது. உண்மையைக் கேட்டு எழுதியிருந்தால் முதல் நாளே இந்த வரிசை கிடைத்திருக்கும். மூன்று வருடம் அவர்களை ஓடவிட்டது பெல்ட் அல்ல, நான் எழுதிய காரணம்.

லிம் எழுந்தார். "இனிமேல் காரணம் என்ற கட்டத்தில் காரணத்தை எழுதுங்கள்" என்றார். கதவு வரை போனவர் திரும்பி, "பம்ப் விற்கிறவருக்கு நான் என்ன சொல்வது?" என்று கேட்டார். அவர் சிரித்ததாக தர்ஷினி பிற்பாடு சத்தியம் செய்தார். நான் பார்க்கவில்லை.

கோபாலன் திரையிலிருந்து மறையும் முன், "ஊருக்கு வாங்க முரளி, பேசிக்கலாம்" என்றார். பேசினார். விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் கொடுத்தார். அதற்கு நான் எழுதிய பதிலில், என் பணிக்காலத்திலேயே முதல்முறையாக, எல்லாமே உண்மை.

சனிக்கிழமை கிளம்பினேன். கடைசியாக ஒருமுறை சுடுநீர்ப் பெட்டியில் இடித்துக்கொண்டேன், இந்த முறை வேண்டுமென்றேதான். காலையில் தேநீர்க் கடையில் "தே ஓ கோசோங்" என்று கம்பீரமாகச் சொன்னேன். வந்தது கசந்தது. விமான நிலையக் கதவு இந்த முறையும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு நிறைய இருந்தது.

திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்த நேரத்தில் ஜெயந்தியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் பேருந்துச் சத்தம்.

"சார், இன்னிக்கு ஆறு பேரும் நடந்தே போயிட்டு வந்தோம். போற வழியில செவுத்துல பெரிசா ஒரு போர்டு இருக்குது சார். அது அங்க மாட்டி பல வருஷம் ஆச்சாம். இன்னிக்குத்தான் நின்னு படிச்சேன். 'இங்கே யாரும் ஓடக் கூடாது'ன்னு எழுதியிருக்காங்க."